குட்டையிலே ஒரு குட்டிப் படகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? பெரட்டு இல்லாத நாள். பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பீர்கள். மீதிப் பேர் சந்தைக்குப் புறப்பட மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் அந்த நேரத்தில் ஒரு பழைய ஈயக் குட்டையில், வாழைமட்டை போல் மிதக்கிற ஒரு சின்னப் படகில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“படகா? தோட்டத்து ஆளுக்குப் படகு எதுக்குத் தம்பி?” என்று என் அக்காள் கேட்டார். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தூண்டில் நமக்குப் புதிதல்ல. எங்கள் அப்பா பால்வெட்டு முடிந்து வந்ததும், மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கால்வாய்க்குப் போவார். மண்புழு, ஒரு துண்டு நரம்பு, ஒரு முள், அவ்வளவுதான் சாமான். பொழுது சாயும்போது நாலு புயு மீன், ஐந்தாறு செப்பாட் மீன் ஈர்க்கில் கோத்துக் கொண்டு வருவார். அம்மா அதைப் புளி கரைத்து வைத்தால் லயம் முழுக்க மணக்கும். கரையில் நின்றே பிடித்த மீன்தான். படகு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கால்வாய் வேறு, ஈயக் குட்டை வேறு. நான் சொல்ல வந்த சேதி அங்கேதான் இருக்கிறது.

பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்களுக்கும், சிலாங்கூரில் பழைய ஈயம் தோண்டிய இடங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கும் இந்தக் குட்டைகள் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் உலகத்தில் ஈயம் அதிகம் கிடைத்த இடங்களில் கிந்தாவும் ஒன்று. சீனர்கள் தண்ணீர்க் குழாயால் மண்ணைப் பீய்ச்சிக் கரைத்து எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஈயக் கப்பலை மிதக்கவிட்டுத் தோண்டின. அந்தக் கப்பல் எவ்வளவு பெரிது என்று பார்க்க ஆசையிருந்தால், பத்துகாஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1938இல் கட்டியது, 1982 வரை வேலை செய்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 1985 அக்டோபரில் லண்டனில் ஈய வியாபாரம் அப்படியே நின்றுபோனது. விலை சரிந்தது. இங்கே ஒவ்வொரு லம்பமாக மூடினார்கள். ஆட்கள் போனார்கள், இயந்திரம் போனது, குழி நின்றது. குழியில் மழைத் தண்ணீர் நின்றது. தண்ணீரில் மீன் வந்தது.

அந்த மீனில் முக்கால்வாசி, நம் பெரியவர்கள் ‘ஜப்பான் மீன்’ என்று சொல்கிற திலாப்பியாதான்.

இந்த மீனுக்கு ஒரு கதை உண்டு. இது ஆப்பிரிக்கா கண்டத்து மீன். 1930களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவில், பிளித்தார் வட்டாரத்தில் முஜாயிர் என்ற ஓர் எளிய மனிதர் கடலோரக் கழிமுகத்தில் இதைக் கண்டு, நன்னீரில் வளர்த்துப் பழக்கினார். அதனால்தான் இந்தோனேசியாவில் இன்றும் அதற்கு ‘முஜாயிர்’ என்று பெயர். அங்கிருந்து ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் அது மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. வீட்டு ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன காலமும் அதுதான். அந்தக் காலத்தைப் பற்றி நல்லதாக நம் வீடுகளில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மீன் மட்டும் தங்கிவிட்டது.

சரி, படகுக்கு வருகிறேன்.

கரையில் நின்று தூண்டில் போடுகிறவன் என்ன செய்கிறான்? முடிந்த மட்டும் தூரமாக, குட்டையின் நடுவை நோக்கி வீசுகிறான். மீன் நடுவில்தான் இருக்கும் என்ற நினைப்பு. உண்மையில் திலாப்பியா அதிகமும் கரையோரம்தான் மேயும். பாசி அங்கே, புழு பூச்சி அங்கே, கூடு கட்டுகிற ஆழமில்லாத மணல் அங்கே. ஆனால் எந்தக் கரை? நாம் நிற்கிற கரை அல்ல. நம் காலடிச் சத்தம் கேட்டு அது எப்போதோ போயிருக்கும். புதர் மண்டி, லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்து, மனிதர் கால் வைக்க முடியாமல் கிடக்கிறதே எதிர்க்கரை, அங்கேதான் கூட்டமாக நிற்கும். ஆகவே படகில் போகிறவன் நடுவில் நின்றுகொண்டு கரையை நோக்கி வீச வேண்டும். இந்த ஒரு சூட்சுமத்துக்காகத்தான் படகு.

அதற்கு ஏற்றது காயாக். வட துருவப் பக்கம் பனியில் வாழும் இன்யூட் மக்கள், எலும்பாலும் ஒதுங்கிய மரத்தாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலை அதன் மேல் இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்துகொண்ட படகு அது. சத்தமில்லாமல் மிருகத்தை நெருங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். நம் நோக்கமும் அதுவே. இப்போது கடையில் விற்பது கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. உள்ளே குழிந்து உட்காரும் வகை ஒன்று, மேலேயே உட்காரும் வகை ஒன்று. மீன் பிடிக்க நினைப்பவர்கள் மேலே உட்காரும் வகையைத்தான் பார்க்க வேண்டும். அதன் உடல் முழுக்க மூடிய வெற்றிடம். உட்காரும் இடத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும். “ஐயோ, படகில் ஓட்டையா!” என்று பதற வேண்டாம். மேலே தெறிக்கும் தண்ணீர் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். பத்தடி நீளம் இருந்தால் போதும். எடை இருபது, முப்பது கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் சுலபமாகத் தூக்கலாம். இரண்டு முனையிலும் தட்டை உள்ள ஒரே துடுப்பு. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி வலித்தால் நேராகப் போகும்.

புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். நாங்கள் நாலு பேர் கூட்டாகப் பணம் போட்டு, பழையதாக இரண்டு வாங்கினோம். பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் சலசலத்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் எடையோடு சாமான், தண்ணீர்ப் புட்டி, பிடிக்கப் போகிற மீன் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். (மீன் எடையைக் கூட்டும்போது கொஞ்சம் அடக்கமாகக் கூட்டுவது நல்லது. எங்கள் கூட்டாளி ஒருவர் பத்துக் கிலோ கூட்டினார். அன்று கிடைத்தது மூன்று மீன்.)

கூடும் குஞ்சும்

எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். முழங்கால் ஆழத் தண்ணீரில், மணலில் தட்டு வைத்து அழுத்தியது போல் வட்டம் வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண் மீன் காவல் நிற்கும். வாயால் மணலை அள்ளி அள்ளி அந்தப் பள்ளத்தைத் தோண்டியது அதுதான். பெண் வந்து முட்டையிடும். இட்ட முட்டையை உடனே தன் வாயில் எடுத்து அடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு, மூன்று வாரம் அந்த வாய்தான் தொட்டில். அந்த நாட்களில் அது இரை எடுப்பதே அபூர்வம். குஞ்சு வெளியே வந்து நீந்தப் பழகிய பிறகும், ஆபத்து என்றால் எல்லாம் ஓடி வந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

வலையில் ஒன்றைத் தூக்கும்போது வாயிலிருந்து மஞ்சள் மணி மணியாக முட்டை உதிர்ந்தால், அதை மெல்லத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். சட்டம் சொல்வதால் அல்ல. திலாப்பியா விஷயத்தில் இதனால் பெரிய லாபமும் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த மீன் அளவுக்கு மீறிப் பெருகுகிற சாதி. குட்டையில் கூட்டம் அதிகமானால் தீனி போதாமல் உடம்பு வளராது. உள்ளங்கை அளவிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். ஆகவே கறிக்கு வேண்டிய அளவு, சின்னதையும் சேர்த்தே எடுத்துப் போகலாம். குட்டைக்கு அது நல்லதே.

தோமானும் விராலும் அப்படி அல்ல. விரால் என்றால் தெரியுமே, மலாய்க்காரர்கள் ‘ஹருவான்’ என்பார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் புண் ஆற வேண்டும் என்று தேடித் தேடி வாங்கிச் சூப்பு வைப்போமே, அந்த மீன். அதன் பெரிய அண்ணன் தோமான். இவை இந்த மண்ணின் சொந்த மீன்கள். காயாக்கில் ஓசையில்லாமல் போகும்போது, திடீரென்று ஓரிடத்தில் மட்டும் மழைத் தூறல் விழுவது போல் தண்ணீர் சிலிர்ப்பதைப் பார்ப்பீர்கள். அருகில் போனால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான தோமான் குஞ்சுகள். காற்றுக் குடிக்க மேலே வந்து வந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும்.

அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்குள் பொய் இரையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். வீசினால் பெரிய தோமான் நிச்சயம் கடிக்கும். அது பசிக் கடி இல்லை, பிள்ளையைத் தொட வந்தவன் மேல் கோபம். ஆறு கிலோ, ஏழு கிலோ மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பெற்றது இரண்டும் போன பிறகு அந்தக் குஞ்சுகளைச் சுற்றியுள்ள மற்ற மீன்கள் விட்டுவைக்குமா? எங்கள் நாலு பேருக்குள் இதில் ஒரு கட்டுப்பாடு: குஞ்சு தெரிந்தால் துடுப்பைத் திருப்பிவிட வேண்டும். என் மருமகன், அதாவது அக்காள் மகன், முதலில் இதற்கு முணுமுணுத்தான். “நாம விட்டா நாளைக்கு இன்னொருத்தன் பிடிப்பான் மாமா” என்றான். பிடிக்கட்டும் என்றேன். வேறு என்ன பதில் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் இதே மாதிரி காயாக்கில் போய் ஏரிகளில் ‘புளூகில்’ என்ற ஒரு தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். அதுவும் திலாப்பியா மாதிரியே மணலில் வட்டக் கூடு கட்டும், ஆண்தான் காவல், கூட்டம் பெருகினால் குள்ளமாகிவிடும். அதில் இதுவரை பெரியதென்று பதிவானது, 1950இல் அலபாமா மாநிலத்தில் பிடித்த 4 பவுண்டு 12 அவுன்ஸ் மீன். 1960இல் அமெரிக்கா போயிருந்த ஜப்பானிய இளவரசர் அக்கிஹித்தோவுக்குச் சிக்காகோ நகர மேயர் இந்த மீனைத்தான் அன்பளிப்பாகக் கொடுத்தார். உணவுக்கு ஆகுமென்று ஜப்பானில் வளர்த்தார்கள். அது தப்பிப் பரவி, பிவா ஏரியின் சொந்த மீன்களுக்கே எமனாகிவிட்டது. 2007இல் பேரரசராக இருந்த அதே அக்கிஹித்தோ, அந்த ஏரிக்கரைக்கே போய்த் தம் மன வருத்தத்தைச் சொன்னார். இதில் விந்தை என்ன தெரியுமா? 1965இல் சயாம் மன்னருக்கு நைல் திலாப்பியா 50 மீன்களை அனுப்பி வைத்தவரும் இவரேதான். அது அந்த நாட்டு ஏழைகளின் சாப்பாட்டு மீனாகிவிட்டது. ஒரே கை, ஒரு நாட்டில் சோறு போட்டது, தன் நாட்டில் குடியைக் கெடுத்தது. ஆகையால் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன அழகு மீனைக் ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று குட்டையில் கொண்டுபோய் விடாதீர்கள். அமேசான் நதியைச் சேர்ந்த மயில்புள்ளி மீன் இன்று பேராக்குக் குட்டைகளில் நிறைந்து கிடக்கிறது. அது தானாக நீந்தி வந்த மீன் அல்லவே!

தக்கை நடுங்கினால்

சாமானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேசான கோல், சின்ன ரீல், ஐந்து பவுண்டு நரம்பு, சிறிய முள். மூங்கில் கோலும் நடக்கும். தக்கைக்குக் கீழே இரண்டடி விட்டால் போதும். இரை மண்புழு, இல்லாவிட்டால் ரொட்டியைப் பிசைந்து உருட்டிக்கொள்ளலாம். கரையோரப் பச்சைப் பாசியை முள்ளில் சுற்றிப் போட்டாலும் திலாப்பியா விரும்பி எடுக்கும். லம்பாம் மாதிரி மீன் உள்ள குட்டையென்றால் பழுத்த செம்பனைப் பழம் ஒன்று போதும்; அதற்காவது நாம் கடைக்குப் போக வேண்டியதில்லை!

திலாப்பியா கடித்தால் தக்கை ‘டபக்’ என்று முங்காது. முதலில் நடுங்கும். பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகரும். அப்போது மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். மாட்டியதும் அது தன் தட்டை உடம்பைக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டம் போடும். சோற்றுத் தட்டைத் தண்ணீருக்குள் குறுக்காக இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கனக்கிறது! அரைக் கிலோ மீன் சின்னப் படகையே மெல்ல இழுத்துக்கொண்டு போகும். வேறெந்த வேடிக்கையிலும் எனக்கு இந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

காற்று அடித்தால் படகு ஓடும். ஒரு மைலோ டின்னில் சிமெண்டை ஊற்றி, காய்வதற்குள் கம்பி வளையம் ஒன்றைச் சொருகி, நங்கூரமாக்கிக்கொண்டோம். அதன் கயிற்றைப் படகின் முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். இடுப்புப் பக்கம் கட்டினால் காற்றடிக்கும்போது படகைச் சாய்த்துவிடும்.

எல்லாக் குட்டை மீனும் சட்டிக்கு ஆகாது. குப்பைமேட்டுத் தண்ணீர் வடிகிற குட்டை, தொழிற்சாலைக் கழிவு விழுகிற குட்டை, இப்போதும் பக்கத்தில் மண் தோண்டுகிற குட்டை, இவற்றில் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். ஈயத்தோடு சேர்ந்து வேறு விஷ உலோகங்களும் அந்த மண்ணில் இருப்பதுண்டு. சுத்தமான குட்டை மீனிலும் சேற்று வாடை அடிக்கும். உயிரோடு கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் இரண்டு நாள் தீனி போடாமல் விட்டுவைத்தால் போய்விடும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். முதுகு முள் கையைக் கிழிக்கும், கவனம்.

குட்டை யாருடையது என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போவது மரியாதை. தூபா வேரைக் கலக்குவதும், கரண்டு வைப்பதும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். இதை நம்மவர்கள் சிலருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் சொல்லக்கூடியது. இனிச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருமகனுக்குப் பதினேழு வயது. ஆற்றில் நீந்தி வளர்ந்த பிள்ளை. நல்ல வெயில் நாள். குட்டை கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் ஒரு படகில், அவன் ஒரு படகில். மிதவைச் சட்டை கொடுத்திருந்தேன். லைஃப் ஜாக்கெட் என்கிறோமே, அதுதான். புழுக்கமாக இருக்கிறதென்று கழற்றி, மெத்தை மாதிரி மடித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் சந்தோஷமாக இருக்கிறானே, ஏன் நச்சரிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நல்ல மீன் ஒன்று மாட்டியது. படகோரம் வந்ததும் வலையை எடுக்காமல் கையாலேயே பிடிக்கக் குனிந்தான். தோள் படகைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான், படகு கவிழ்ந்தது. கோல் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். சட்டையும் மிதந்துகொண்டு ஒரு பக்கம் போனது.

கரை பத்துக் கெஜம்கூட இருக்காது. அவன் படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தினான். நான்கூட நிம்மதியாகத்தான் பார்த்தேன். கரையைத் தொட்டும்விட்டான். தொட்ட பிறகுதான் ஆபத்தே. ஈயக் குட்டையின் கரை ஆற்றங்கரை மாதிரிச் சரிவாக இறங்காது. சல்லடை போட்ட மணலைக் குவித்த கரை அது. விளிம்பிலிருந்து ஓரடி தள்ளினாலே இருபதடி, முப்பதடி ஆழம். அவன் கையை வைத்து ஏற ஏற, மணல் சரிந்து சரிந்து அவனையே உள்ளே தள்ளியது. காலுக்குக் கீழே தரை இல்லை. மேலே சுடுதண்ணீர், இடுப்புக்குக் கீழே ஐஸ் மாதிரி. மூன்று தரம் ஏறப் பார்த்தான். நாலாவது தரம் அவன் வாய் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தேன்.

“கரையை விடுடா! திரும்பி என் படகைப் பிடி!” என்று கத்தினேன். துடுப்பை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். என் படகின் பின்முனையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, மெதுவாக வலித்து, மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்குகிற துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மட்டும்தான் மண் கெட்டி. பக்கவாட்டில் அவன் தொற்றியிருந்தால் நானும் கவிழ்ந்திருப்பேன். பின்முனையைச் சொல்ல எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

கரையில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தான். பிறகு தலையைத் தூக்கி, “மாமா, கோல் போயிடுச்சே” என்றான். எனக்கு ஓர் அறை வைக்கலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காளிடம் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டார். அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சட்டை போட்டிருந்தானா தம்பி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு அவர் பேசவில்லை.

வாசகர்களே, நாளிதழில் எத்தனை தரம் படித்திருக்கிறோம், குட்டையில் குளிக்கப் போன பிள்ளைகள் பிணமாக வந்த செய்தியை! நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் அதில் உண்டு. ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே நாங்கள் இப்போது நடந்துகொள்ளும் முறையைச் சொல்கிறேன். கரையில் நிற்கும்போதே சட்டையைப் போட்டு வாரை இழுத்துப் பூட்ட வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுக்கு ஏறக் கூடாது. விசில் ஒன்று அதில் தொங்க வேண்டும். தனியாகப் போவதில்லை. மாட்டுத் துறை உள்ள குட்டையில் மட்டுமே படகை இறக்குகிறோம். படகில் எழுந்து நிற்பதில்லை. தலை படகின் ஓரத்தைத் தாண்டக் கூடாது. தலை போன பக்கம்தான் உடம்பு போகும்.

கவிழ்ந்தால் கரையைத் தேடாமல் படகைத் தேட வேண்டும். அது முழுகாது. கவிழ்ந்து கிடக்கும் படகின் மேல் குறுக்கே எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து இழுத்தால் நிமிர்ந்துகொள்ளும். பிறகு பக்கத்தில் நின்றபடி காலை உதைத்து உதைத்து உடம்பை மட்டமாக மிதக்கவிட்டு, நெஞ்சைக் குறுக்கே ஏற்றி, புரண்டு உட்கார வேண்டும். இதை இடுப்பளவுத் தண்ணீரில் பத்துத் தரம் பழகினோம். எனக்கு ஏழாவது தரம்தான் வந்தது. பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

இடி ஓசை கேட்டால் அந்தக் கணமே கரை. நம் நாட்டுப் பிற்பகல் மழை உங்களுக்குத் தெரியும்; உலகத்தில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் நம் நாடும் ஒன்று. திறந்த தண்ணீரில் உயரமாக இருப்பது நம் தலையும் கையிலுள்ள கோலும்தான். இப்போதைய கார்பன் கோலில் மின்சாரம் பாயும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் மறுபடி இறங்குவோம். பெரும்பாலும் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறோம். செண்டரோ, புக்கிட் மேரா போன்ற பெரிய ஏரிகளுக்குப் போக எனக்கும் ஆசைதான். அங்கே காற்று வேறு, அலை வேறு. இன்னும் ஒரு வருஷம் இந்தக் குட்டையிலேயே பழகிவிட்டுத்தான்.

நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே போகவே வேண்டாம் என்று எண்ணிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மருமகன். வீட்டிலிருந்தே மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தோட்டத்துச் சாலை நெடுக அந்தச் செம்மஞ்சள் சட்டையோடு வந்தவனைப் பார்த்து நாய்களெல்லாம் குரைத்திருக்கின்றன. வாரில் மூன்று முடிச்சு விழுந்திருந்தது. பூட்டு இருக்கும்போது முடிச்சு எதற்கு என்று கேட்டேன்.

“அம்மா கட்டினாங்க” என்றான். “சாயங்காலம் வந்து அவுத்துக்கலாமாம். அப்புறம் மாமா, குழம்புக்குப் புளி கரைச்சு வச்சிட்டாங்களாம். வெறுங்கையோட வரக் கூடாதாம்.”